மதில் இடிந்த பக்கம்

டிசம்பர் 4, திங்கள்

பொயிலர் எண்ணெய்த் தொட்டி: பாதிக்குக் கொஞ்சம் மேல். கூரை ஒழுக்கு: மூன்று இடம். வந்துபோனவர்கள்: யாருமில்லை.

தினமும் இப்படி ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொன்னவர் சோதிலிங்கம் அண்ணை. பாரிசில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவரும் இன்னும் எட்டுக் குடும்பமும் சேர்ந்து நோர்மண்டிப் பக்கம் இந்தப் பழைய மாளிகையை வாங்குகிறார்கள், எங்கள் ஆட்களுக்குக் கல்யாண மண்டபமாக்க. முதல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்கு முன்னால் கடைசிக் கையெழுத்து மார்ச்சில். அதுவரை வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். உணவகக் குசினியில் இருபத்தாறு வருடம் நின்று முதுகு போய்ச் சும்மா இருந்த என்னை அனுப்பியிருக்கிறார்.

"நித்தி, நீ தனி ஆள். உனக்கு அங்க நிம்மதியாய் இருக்கும். மதிலுக்குள்ள ஆர் வந்து கரைச்சல் தரப்போகினம்?" என்றார்.

வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. ஒரு முனையில் ஆணி கழன்று காற்றுக்கு அடித்துக்கொள்கிறது. வீடு முன்னூறு வருடத்துக்கு மேலானதாம். சாம்பல் நிறக் கல், செங்குத்தான கூரை, ஒரு மூலையில் புறாக்கள் அடையும் கோபுரம். பதினேழு அறையில் பதினான்கு பூட்டிக் கிடக்கின்றன. சுற்றிவரப் பெரிய வளவு. வளவைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குக் கல் மதில். வடக்குப் பக்கம் மட்டும் பதினான்கு மீற்றர் இடிந்து கிடக்கிறது. அந்த இடைவெளியால் பக்கத்து வயலும் அதில் நிற்கும் மாடுகளும் தெரிகின்றன. வந்ததும் முதலில் அங்கேதான் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

டிசம்பர் 6, புதன்

வீட்டுக்காரி மதாம் லெர்மித். எண்பத்துநாலு வயது. கீழே இரண்டு அறையில் இருக்கிறார். ஜனவரியில் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். காலை முழுக்க என்னை அறை அறையாகக் கூட்டிப்போய் எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று காட்டினார். முப்பத்தொரு சாவி.

"இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். என் கணவர் அப்படித்தான் வைத்திருப்பார்" என்றார்.

குசினிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். சாவி இடுப்பில் கிடந்து சத்தம் போடுவது எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் 9, சனி

நாள் முழுக்க மழை. மூன்று வாளியும் இரண்டு தரம் நிரம்பின. எலி: ஒன்று.

டிசம்பர் 12, செவ்வாய்

சோதி அண்ணை போன் எடுத்தார். மதிலைக் கட்டி முடிக்காவிட்டால் நகரசபை மண்டபத்துக்கு அனுமதி தராதாம். அதுவும் சீமெந்து கூடாது, பழையபடி சுண்ணாம்புச் சாந்தில்தான் கட்ட வேண்டுமாம். "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார். சுண்ணாம்பு வேலை தெரிஞ்சவர்" என்றார்.

பத்து மணிக்கு வான் வந்தது. இறங்கியவர் பெயர் தவேந்திரன். ஐம்பத்துமூன்று வயது. இடது காது மடலில் பாதி இல்லை. முன்பின் தெரியாத ஆள்.

"அண்ணை ஊரில எவ்விடம்?" என்று கேட்டார்.

"மன்னார்ப் பக்கம்" என்றேன்.

என் சொந்த ஊர் உரும்பிராய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குளிர் அதிகம் என்பதால் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். இனிக் கொஞ்ச நாளைக்குத் தாடி வழிப்பதாயில்லை.

அவரிடம் வயதைக் கேட்டு எழுதவில்லை. பார்த்தால் அப்படித் தெரிந்தது.

டிசம்பர் 14, வியாழன்

விழுந்த கல்லை எல்லாம் தவேந்திரன் பெரிது, நடுத்தரம், சின்னது என்று புல்லில் பரப்பி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத்தான் வைக்கிறார். அவசரமே இல்லை. அவர் வேலை செய்யும் பக்கம் எனக்கு வேலை இல்லாதபடியால் நான் போகவில்லை. மதியம் தன் வானுக்குள் இருந்து சாப்பிட்டார்.

மதாம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தக் குளிரில் அவரை வெளியே வைத்தா சாப்பிடச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

டிசம்பர் 19, செவ்வாய்

மழை. வேறு வழியில்லாமல் குசினிக்குள் கூப்பிட்டேன். பாணும் சம்பலும் கொண்டுவந்திருந்தார். நான் பருப்பு வைத்திருந்தேன். சேர்ந்து சாப்பிட்டோம். மனைவி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, மகள் மருந்தாளர் படிப்பு, அம்மா இன்னும் ஊரில். அம்மாவை இங்கே கூப்பிட எவ்வளவோ முயற்சி செய்தாராம்.

"வரமாட்டன் எண்டு நிக்கிறா. வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தா அண்ணன் வந்து தேடுவானாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எனக்கு மூத்தவர் ஒராள் இருந்தவர் அண்ணை. சத்தியேந்திரன். எண்பத்தாறில காணாமல் போனவர்."

வீட்டைச் சூடாக்கும் பொயிலரைப் பார்க்க வேண்டும் என்று எழும்பிக் கீழே போனேன். பொயிலரில் ஒரு பிழையும் இல்லை. அவர் திரும்ப வேலைக்குப் போகும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

டிசம்பர் 20, புதன்

பின்னேரம் மூன்றரை இருக்கும். சாந்து குழைத்த தொட்டியை அவர் கழுவ, நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குனிந்தபடியே, தலையை நிமிர்த்தாமல், "போதும், வின்சன் அண்ணை" என்றார்.

நான் தண்ணீரை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான், அதுவே பதிலாகிவிட்டது என்று தெரிந்தது.

"முதல் நாளே தெரியும்" என்றார். "தொப்பி போட்டா நடை மாறுமே? பதினொரு நாள் கண்ணைக் கட்டி வைச்சிருந்தனீங்கள். சோத்து வாளியோட நீங்கள் நடந்து வாற சத்தம் எனக்குத் தெரியும். ஒரு கால் கொஞ்சம் இழுபடும்."

முதுகு நோவால் வந்த நடை என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இந்தப் பக்கத்தைச் சோதி அண்ணைக்குக் காட்ட முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன். எண்பத்தாறாம் ஆண்டு எனக்குப் பத்தொன்பது வயது. இயக்கத்தில் இருந்தேன். அங்கே எனக்கு வைத்த பெயர்தான் வின்சன். எந்த இயக்கம் என்பது இனி யாருக்கும் வேண்டாம். கொழும்புக்குக் குடிபோன ஒரு டாக்குத்தர் ஊரில் விட்டுப்போன வீட்டை எடுத்து வைத்திருந்தோம். பெரிய வளவு, சுற்றிவர மதில். பிடித்துவந்தவர்களை அங்கேதான் வைத்திருந்தது. நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். அவ்வளவுதான்.

டிசம்பர் 21, வியாழன்

உறைபனி. இந்தக் குளிரில் சுண்ணாம்பு பிடிக்காது. அவர் வரவில்லை.

டாக்குத்தர் வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. நேற்று அதை எழுத மறந்துவிட்டேன்.

டிசம்பர் 22, வெள்ளி

வந்தார். நேற்றுக் கட்டியிருக்க வேண்டிய வரிசையைக் கட்டத் தொடங்கினார். நான் தேநீர் கொண்டுபோனேன். போகாமல் விட்டால் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்.

"பிளேன்ரீ ஆறப்போகுது" என்றேன்.

"ஆறட்டும். ஒண்டு கேக்கிறன். உங்களில எனக்குக் கோவமில்லை. எனக்குப் படலை திறந்து விட்டது நீங்கள்தான். 'திரும்பிப் பாக்காமல் ஓடு' எண்டனீங்கள். நான் ஓடினனான். பதினாறு வயசு." சாந்தகப்பையைக் கல்லின்மேல் வைத்தார். "அண்ணனை என்ன செய்தனீங்கள்?"

மாடுகள் இடைவெளிக்குக் கிட்ட வந்து நின்று எங்களைப் பார்த்தன.

"விட்டது" என்றேன். "உன்னை விட்டு மூண்டாம் நாள். அவனுக்கும் நான்தான் படலையைத் திறந்து விட்டனான். ஊரில இருக்கேலாது, இந்தியாவுக்குப் படகேறப்போறன் எண்டு சொன்னவன்."

"நீங்கள் கண்ணால கண்டனீங்களோ? போறதை?"

"கண்டனான். ஒழுங்கையால திரும்பிற வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவர் கற்குவியலில் இருந்துவிட்டார். சாந்து பட்ட கைகளாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அழுகிற ஆளுக்கு முன்னால் நிற்பது எனக்குக் கஷ்டம். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பர் 27, புதன்

நத்தாருக்குப் பிறகு இன்றுதான் வந்தார். வானை நிறுத்தியதும் நேரே குசினிக்கு வந்து, கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் ஒரு வயதான அம்மா. கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து இருந்தார். படம் நடுங்கியது.

"தம்பி, நீயே என்ர பிள்ளையைத் திறந்து விட்டனீ?"

"ஓம் அம்மா."

"அண்டைக்கு அவன் சாப்பிட்டவனே?"

"சாப்பிட்டவன் அம்மா."

"ராசா, உன்னைப் பெத்தவள் புண்ணியவதி. நீ நோய் நொடியில்லாமல் கனகாலம் இருக்கோணும். நான் ஒவ்வொரு நாளும் உனக்காண்டிக் கும்பிடுவன்."

தவேந்திரன் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் எலிப்பொறியைப் பார்க்கப் போனேன்.

எண்ணெய்: பாதிக்குக் கீழே.

ஜனவரி 5, வெள்ளி

மதாம் லெர்மித் இன்று போய்விட்டார். ஒரு கதிரை, இரண்டு பெட்டி, கணவரின் படம். வேறு ஒன்றும் எடுக்கவில்லை. வண்டிக்குக் காத்திருந்தபோது இடிந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்கள் மேசன் உங்களுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்! உங்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார். உறவா?"

"இல்லை. முன்பு ஒரு உதவி செய்தேன்."

"நல்லது" என்றார். "வயதான காலத்தில் அப்படி ஒன்றையாவது நினைத்துப் பார்க்க இருக்க வேண்டும்."

கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டேன். இனிப் பதினேழு அறைக்கும் நான் ஒருவன்.

ஜனவரி 10, புதன்

உறைபனி. வேலை இல்லை.

ஜனவரி 11, வியாழன்

உறைபனி. கட்டிய பகுதியைச் சாக்கால் மூடியிருக்கிறது. காற்றில் ஒரு சாக்கு பறந்துபோயிருந்தது. எடுத்துவந்து திரும்பப் போட்டேன்.

டாக்குத்தர் வீட்டில் விசாரணை நடக்கும்போது நான் கதவுக்கு வெளியேதான் நிற்பேன். உள்ளே போகச் சொன்ன நாளில் மட்டும் போனேன். காதை வெட்டிய நாள் நான் உள்ளே நின்றேன். பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஜனவரி 16, செவ்வாய்

தவேந்திரன் நேற்றுப் பொங்கிய பொங்கலைப் பெட்டியில் கொண்டுவந்தார். கறுத்தக் கொழும்பான் இல்லை, ஆனால் எங்கேயோ தேடி ஒரு மாம்பழமும் வாங்கியிருந்தார்.

"அம்மா எழும்பி நடக்கிறா அண்ணை" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு வருசமாய்ப் படுக்கை. இப்ப விடியப்புறம் எழும்பி முத்தம் கூட்டுறா. அண்ணனுக்குக் கோப்பை போட்டு ஒரு பிடி சோறு எடுத்து வைச்சுட்டுத்தான் தான் சாப்பிடுறாவாம். ஊர் முழுக்கச் சொல்லியும் போட்டா."

"நல்லது" என்றேன்.

"இந்தியாவுக்குப் போகப்போறா. முகாம் முகாமாய்ப் போய்க் கேக்கப்போறாவாம், சத்தியேந்திரன் எண்டு ஆரும் இருக்கினமோ எண்டு. மச்சான் கூட்டிக்கொண்டு போறன் எண்டிருக்கிறார். பாஸ்போட்டுக்குக் குடுத்தாச்சு."

"வயசு போன மனிசி. அலையவிடாதை."

"நான் மறிச்சா நிப்பாவே? முப்பத்தேழு வருசத்துக்குப் பிறகு ஒரு சொல்லுக் கிடைச்சிருக்கு."

பொங்கலைச் சாப்பிடச் சொல்லி நின்று பார்த்தார். சாப்பிட்டேன். அவர் போனபிறகு வெளியே போய் மதிலோரம் சத்தி எடுத்தேன். நெய் கூடிவிட்டது போல.

ஜனவரி 19, வெள்ளி

மதில் ஏழு மீற்றருக்கு வந்துவிட்டது. இடைவெளி பாதி.

ஜனவரி 23, செவ்வாய்

அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது. பெப்ரவரி ஆறாம் திகதி பயணம். இருதயத்துக்கு நல்லதில்லை என்று டாக்குத்தர் சொன்னாராம். "செத்தாலும் தேடிக்கொண்டு சாகிறன்" என்றாராம்.

இதைத் தவேந்திரன் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜனவரி 24, புதன்

ஒன்பது மணிக்கு அவர் சாந்து குழைக்கத் தொடங்கினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தவேந்திரன், அம்மாவின்ர பயணத்தை நிப்பாட்டு."

"ஏன்?"

"நான் சொன்னது பொய்."

அவர் குழைத்துக்கொண்டே இருந்தார். கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் சொன்னேன். மண்வெட்டி நின்றது.

"எது பொய்?"

"சத்தியாவை விடேல்லை. அவன் படலையைத் தாண்டேல்லை."

அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எங்கே என்றார். டாக்குத்தர் வீட்டு வளவில், பின் மதிலோரம், கிணற்றிலிருந்து இருபது அடி, தேசிமரம் நின்ற இடம் என்றேன். ஆழம் என்ன என்றார். இடுப்பளவு, அதற்குக் கீழே கல் என்றேன். எத்தனை மணிக்கு என்றார். விடிந்து கொஞ்ச நேரத்தில் என்றேன்.

"ஏன் என்னை விட்டுப்போட்டு அவனை...?"

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மட்டும் மறைக்க வாய் வரவில்லை.

"மற்ற இயக்கத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் குடுத்தது தான்தான் எண்டு எழுதிக் குடுத்தவன். தம்பியை விட்டா எழுதித் தாறன் எண்டு கேட்டவன். உன்னை விட்டாப்பிறகுதான் கையெழுத்து வைச்சவன்."

"பார்சல் கொண்டுபோனது நான்" என்றார் தவேந்திரன். "அவனுக்கு ஒண்டும் தெரியாது."

அது எனக்கும் அன்றைக்கே தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"கடைசியா ஏதும் சொன்னவனே?"

"தம்பி வீட்டை போய்ச் சேந்திட்டானோ எண்டு கேட்டவன். ஓம் எண்டனான்."

அவர் கல் உடைக்கும் பெரிய சுத்தியலை எடுத்தார். என்னை அடிக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போன கிழமை கட்டிய பகுதியை அடித்தார். சாந்து இன்னும் இறுகவில்லை. கல் கல்லாக விழுந்தது. ஒரு மீற்றருக்கு மேல் இடித்தார். மூச்சு வாங்க நின்று, விழுந்ததைப் பார்த்தார். பிறகு சுத்தியலையும் மண்வெட்டியையும் கழுவித் துடைத்து வானில் ஏற்றினார். சாந்து தொட்டியிலேயே கிடந்தது.

"நீ என்னத்துக்கு முதல்ல விட்டது எண்டு சொன்னனீ?" என்று வானில் இருந்தபடி கேட்டார். அதுவரை என்னை அவர் நீ என்று சொன்னதில்லை.

"பயத்தில."

"ஆருக்குப் பயம்? எனக்கோ?"

வான் போய்விட்டது. தொட்டியில் இருந்த சாந்தைப் பின்னேரம் நான் வழித்துக் கொட்டினேன்.

ஜனவரி 30, செவ்வாய்

சோதி அண்ணை போன்: "எங்கயடாப்பா மேசன்? ஆள் போனும் எடுக்கிறாரில்லை."

"குளிர்தானே அண்ணை" என்றேன்.

பெப்ரவரி 3, சனி

எண்ணெய்: கால் தொட்டி. யாரும் வரவில்லை.

பெப்ரவரி 4, ஞாயிறு

யாரும் வரவில்லை. கதவுகளைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். பதினேழையும்.

பெப்ரவரி 18, ஞாயிறு

தவேந்திரனிடமிருந்து குரல் செய்தி. ஊரில் நிற்கிறார். அம்மாவின் இந்தியப் பயணம் நின்றுவிட்டதாம். பின்னால் கோழி கூவுகிறது. ஒரே மூச்சில், யாருக்கோ அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்லியிருந்தார். பலமுறை கேட்டேன்.

அந்த வீட்டில் இப்போது டாக்குத்தரின் மகள் இருக்கிறாராம். தோண்ட விட மறுக்கவில்லையாம். முறைப்படி பொலிசுக்குச் சொல்லி, நீதவான் வந்து நின்று தோண்டியிருக்கிறார்கள். தேசிமரம் இல்லை. அடிக்கட்டை இருந்ததாம். இடுப்பளவு ஆழத்தில் கல். அதற்கு மேலே எலும்பு. சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர மாதங்களாகுமாம். அம்மாவுக்குச் சோதனை தேவைப்படவில்லை. முன்பல் ஒன்று உடைந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இவன்தான். சைக்கிளால விழுந்தவன்" என்றாராம்.

செய்தியின் கடைசியில்: "அதில ஒரு ஆள் இல்லை. நாலு பேர்."

நாலு பேர் என்பது சரி.

மார்ச் 13, புதன்

விடிய எட்டு மணிக்கு வான் சத்தம். நான் எதிர்பார்க்கவில்லை. தவேந்திரன் மொட்டை அடித்திருந்தார். மீசையும் இல்லை. காது முன்பைவிட நன்றாகத் தெரிந்தது.

"நாளையிண்டைக்குக் கையெழுத்தாம். மதில் முடிக்கோணும்" என்றார், எனக்கல்ல, கல்லுக்குச் சொல்வதுபோல.

இரண்டு கிழமைக்கு முன்னாலேயே வேறு இரண்டு மேசன்மார் வந்து அவர் இடித்ததையும் மிச்சத்தையும் கட்டியிருந்தார்கள். மேலே முடிக்கல் வைப்பது மட்டும்தான் மிச்சம். பதினொரு மணிவரை அவர் வைத்தார், நான் கல் தூக்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏணியில் நின்றபடி கேட்டார்:

"அண்ணனுக்குக் கண் கட்டி இருந்ததே?"

நான் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தேன்.

"இல்லை. அவிட்டுவிடச் சொல்லிக் கேட்டவன்."

"அப்ப உன்னைப் பாத்தவன்."

"ஓம்."

அவர் ஏணியை விட்டு இறங்கினார். கையைத் துடைத்தார். போனை எடுத்து இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கும்போதே என்னிடம் நீட்டினார். "அம்மாவுக்கு இடம் காட்டினது நீ எண்டு மட்டும்தான் தெரியும். மிச்சத்தை நான் சொல்ல மாட்டன். நீ சொல்லு."

படம் இல்லை, குரல் மட்டும்தான். நன்றாகத் தளர்ந்திருந்தது.

"ஆர்? தவமே?"

"இல்லை அம்மா. நான்... இஞ்ச மதில் வீட்டில இருக்கிற நித்தி."

"சொல்லு தம்பி."

"அம்மா, உங்கட மகனை... நான்தான் அம்மா."

"எது நீதான்?"

"சுட்டது."

தவேந்திரன் கற்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். அம்மா துண்டித்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்ர அம்மா இருக்கிறாவே?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. தொண்ணூற்றெட்டில செத்திட்டா."

"எங்க எரிச்சவை?"

"ஊர்ச் சுடலையில."

"ஆர் கொள்ளி வைச்சது?"

"தம்பி. நான் இஞ்சதான் நிண்டனான்."

"அண்டைக்கே உனக்குச் சொன்னவை, என்ன?"

"ஓம் அம்மா. அண்டைக்கே போனில சொன்னவை."

"எனக்குச் சொல்ல முப்பத்தேழு வருசம்" என்றார்.

அவ்வளவுதான். போனைத் தவேந்திரனிடம் கொடுத்தேன். "அம்மா... அம்மா..." என்று அவர் இரண்டு மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மிச்சக் கல் ஆறு. அதையும் வைத்து முடித்தோம். போகும்போது ஒரு துண்டுக் காகிதம் தந்தார். பாரிசில் ஒரு வழக்கறிஞரின் முகவரி. ஊரில் நடக்கும் வழக்குக்கு எழுத்தில் வாக்குமூலம் வேண்டுமாம், மற்ற மூன்று பேரின் வீட்டாரும் யாரென்று தேடுகிறார்களாம்.

"திங்கட்கிழமை பத்து மணி. நான் வாசலில நிப்பன்" என்றார். "நீ வரமாட்டாய் எண்டு தெரியும். எண்டாலும் நிப்பன்."

மார்ச் 15, வெள்ளி

நொத்தாரிசு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்தது. பின்னேரம் ஒன்பது குடும்பமும் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பெண்கள் எந்த அறை மணமகளுக்கு என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் மதிலைச் சுற்றி ஓடின. 'விற்பனைக்கு' பலகையை யாரோ கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

சோதி அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயே இனி இஞ்ச நிரந்தரமாய் இரு" என்றார். நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரின் கதவைப் பிடித்தபடி கேட்டார். கேட்டு முடிய, "அது அந்தக் காலம், நித்தி. ஆர்தான் அப்ப சுத்தம்? இதை வெளியில கதைச்சா மண்டபத்துக்குத்தான் பேர் கெடும். முதல் கல்யாணம் சித்திரையில. நீ பேசாமல் இரு" என்றார்.

"நாலு பேர் அண்ணை" என்றேன்.

"முதல்ல சாப்பிடு, வா" என்றார்.

மார்ச் 18, திங்கள்

காலை ரயிலில் போனேன். தவேந்திரன் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் கையில் இருந்த சிகரெட்டைக் காலடியில் போட்டு மிதித்தார்.

உள்ளே இரண்டரை மணித்தியாலம். வழக்கறிஞர் கேட்க, நான் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் பெண் ஒருத்தி தட்டச்சு செய்தாள். எங்கள் ஆள்தான், இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு இடத்தில் நிறுத்தி, "ஐயா, தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டாள். கண்களைத் துடைத்துக்கொண்டது அவள்தான். ஐந்து பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். மற்ற மூன்று பேரின் பெயரில் இரண்டு ஞாபகம் இருந்தது. மூன்றாவது ஞாபகம் வரவில்லை. சிவப்புச் சாரம் கட்டியிருந்தான் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

வெளியே வந்தபோதும் தவேந்திரன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எங்கேயாவது இருந்து பேசுவோம் என்று கேட்க நினைத்தேன். ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டேன்.

கையைக் காட்டினார்.